சூரியனைப் படம் பிடிப்போம்!

வானியல் என்றதும் நம் நினைவுக்கு வருவது இரவுதான். நிலவு, நட்சத்திரம், தொலைநோக்கி, நடுநிசி! ஆகவே, "அது ஆண் பிள்ளைகளுக்கு உரியது" என்ற முடிவும் கூடவே வந்துவிடுகிறது. அண்ணன் இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் நின்றால் யாரும் கேட்பதில்லை. தங்கை நின்றால், "இருட்டிய பிறகு அங்கே என்ன வேலை?" என்று குரல் வரும். ஆனால் அன்புத் தோழியரே, நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் பகலில்தான் தெரிகிறது. அதுதான் சூரியன்! வானத்தைப் படம் பிடிக்கும் கலையை நாம் அங்கிருந்து தொடங்கலாம் என்பதே என் கருத்து.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1899ஆம் ஆண்டு சூரிய ஆராய்ச்சிப் பணி சென்னையிலிருந்து கொடைக்கானல் மலைக்கு மாறியது. 1904 முதல், மேகம் மறைக்காத நாள்தோறும் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். ஒரு படத்தைத் தனியே பார்த்தால் அதில் ஒரு வட்டமும் சில கரும்புள்ளிகளும் மட்டுமே இருக்கும். நூறாண்டுப் படங்களை அடுக்கிப் பார்த்தாலோ, அப்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது விளங்கும். சிறு துளி பெருவெள்ளம் என்பது இதுவல்லவா?

இதை நம் பள்ளியிலும் செய்யலாம். சிறிய தொலைநோக்கி ஒன்று போதும். அதன் வழியே வரும் சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச் செய்து, அட்டையைக் கைப்பேசியால் படம் எடுக்கலாம். ஒரு கரும்புள்ளி கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு விளிம்புக்குச் செல்ல ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். சூரியனும் தன்னைத்தானே சுற்றுகிறது என்பதைப் பாடநூல் சொல்லி அறிவதை விட, நம் படங்களே சொல்லி அறிவது எத்தனை இனிமை!

ஆனால் எச்சரிக்கை தேவை. "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்பது பழமொழி. தொலைநோக்கியில் கண்ணை வைத்துச் சூரியனை ஒருபோதும் பார்க்கலாகாது. அதன் மேலுள்ள சிறு தேடு குழாயையும் மூடிவிட வேண்டும். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள் எதுவும் காப்பாகாது. ஆசிரியை அருகில் இருக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அச்சத்தால் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் பல. 2031 மே 21 அன்று மதுரை வழியே மற்றொன்று வருகிறது. அன்று நாம் கதவைத் திறந்து, முறையாகப் பார்க்க வேண்டும்.

"அப்படியானால் இரவு வானம் நமக்கு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும்! ஆனால் அது கடினம். ஓரியன் நெபுலா போன்ற மங்கலான பொருளைப் படம் பிடிக்க, கேமராவை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். பூமி சுழல்வதால், அதற்கு ஈடாகக் கருவியும் மெல்லத் திரும்ப வேண்டும். குத்தம்பாக்கத்தில் இன்னொரு தடையும் உண்டு. கிழக்கே சென்னையின் வெளிச்சம். அருகே பெங்களூர் நெடுஞ்சாலையின் விளக்குகள். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாய்வுக்கூடத்தை அமைத்தது இருளைத் தேடித்தான். நம் தெருவிளக்குகள் மேலே சிந்தாமல் கீழே மட்டும் ஒளி வீசினால், நமக்கும் சில நட்சத்திரங்கள் திரும்பக் கிடைக்கும்.

இரவில் வெளியே செல்லாமலே விண்ணை அளந்த பெண்களும் உண்டு. எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லூயிஜியா பன்சேரி ஆகிய நான்கு அருட்சகோதரிகள், வத்திக்கான் வானாய்வுக்கூடம் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1910 முதல் 1921 வரை 4,81,215 நட்சத்திரங்களின் இடத்தையும் ஒளியையும் குறித்தார்கள். படம் என்பது இரவைப் பகலுக்குக் கொண்டு வந்து தருகிறது. ஆயினும் அச்சகோதரிகளின் பெயர்களை உலகம் பரவலாக அறிந்தது 2016இல்தான். உழைப்பு பெண்களுடையதாகவும் புகழ் பிறருடையதாகவும் இருந்த காலம் போகட்டும்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, மதிய இடைவேளையில் பத்து நிமிடமும் ஒரு சிறு தொலைநோக்கியும் தாருங்கள். அன்புப் பெற்றோரே, தை மாதத் தெளிந்த இரவுகளில் ஒரு மணி நேரம் உங்கள் மகளுடன் மாடிக்கு வாருங்கள். ஆறாம் வகுப்பில் இப்பணியைத் தொடங்கும் மாணவி பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருக்கும். சூரியனின் 11 ஆண்டுச் சுற்றை அவளுடைய தங்கைமார்தான் நிறைவு செய்ய வேண்டும். தோழியரே, அவர்களுக்காக முதல் படத்தை நாம் எடுப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, குத்தம்பாக்கம்