ஆபீஸ் ஷேர்டு ஃபோல்டர்: 'எல்லாரும் நம்ம ஆளுங்கதானே' என்பது சரியா?

ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக், டியூஷன் சென்டர் என ஐந்தாறு கம்ப்யூட்டர்கள் உள்ள பல இடங்களில் ஒரு ஷேர்டு ஃபோல்டர் இருக்கும். கணக்கு, பில், வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல் எல்லாம் அதற்குள்தான். ஷேர் செய்யும்போது 'எவ்ரிஒன்', 'ஃபுல் கன்ட்ரோல்' என்று டிக் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. கேட்டால், "எல்லாரும் நம்ம ஆளுங்கதானே சார்!" என்பார்கள்.

ஆளுங்க நல்லவங்கதான். ஆனால், அவர்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வைரஸ் நல்லதாக இருக்காதே!

என்ன ஆபத்து?

ஒரு ஊழியர் இமெயிலில் வந்த போலி இன்வாய்ஸைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ரான்சம்வேர் இருந்தால், அவருக்கு இருக்கும் அனுமதி அதற்கும் கிடைக்கும். அவர் திருத்தக்கூடிய ஃபைல்களை எல்லாம் அது பூட்டிவிடும். மொத்த ஃபோல்டரும் அவருக்குத் திறந்திருந்தால், ஒரே க்ளிக்கில் ஆபீஸ் டேட்டா காலி.

2017 மே 12-ல் பரவிய 'வானாக்ரை' இன்னும் ஒரு படி மேலே போனது. விண்டோஸில் ஃபைல் ஷேரிங்குக்குப் பயன்படும் எஸ்எம்பி-யின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் க்ளிக் செய்யாமலேயே அடுத்தடுத்த கம்ப்யூட்டர்களுக்குத் தாவியது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாயின. இத்தனைக்கும், அதைச் சரிசெய்யும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது.

என்ன செய்யலாம்?

* ஒவ்வொருவருக்கும் தனி யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் அக்கவுன்ட்டை அன்றே நிறுத்துங்கள்.
* ஃபோல்டர்களை வேலைவாரியாகப் பிரியுங்கள். கணக்கு ஃபோல்டரை அக்கவுன்டன்ட் திருத்தட்டும். பார்த்தால் போதும் என்பவருக்கு 'ரீட்' மட்டும் போதும்.
* எஸ்எம்பி 1 ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.
* பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

"பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருந்தா வேலை ஓடாது" என்ற புலம்பல் வரும். ஒருமுறை கொடுத்து சேமித்துவிட்டால் விண்டோஸ் திரும்பத் திரும்பக் கேட்காது. இதற்கெல்லாம் பெரிய சர்வரோ, ஐ.டி. டீமோ தேவையில்லை. ஒரு நாள் மெனக்கெட்டால் போதும்.

யார் பொறுப்பு?

வாடிக்கையாளர் தன் ஆதார் நகலைக் கொடுப்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக. அதை ஆபீஸில் உள்ள எல்லோரும் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. தனிநபர் தகவல்களுக்குத் தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் அதிகபட்சமாக 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. 'சின்ன ஆபீஸ்தானே' என்று சொல்லித் தப்பிப்பது நியாயமில்லை. எந்த ஃபோல்டர் யாருக்குத் திறக்கிறது என்று ஓனர்கள் இன்றே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.