அரிய போவாவை டப்பாவில் அடைப்பதற்குப் பேர் பாதுகாப்பா?

நீளமான இழை. ஒரு டீயோட உட்கார்ந்து படிங்க. பாம்புன்னாலே பயம்னு சொல்றவங்களும் தைரியமா வரலாம், படம் எதுவும் போடல.

கொஞ்ச நாளா என் டைம்லைன்ல எக்ஸாட்டிக் பெட் வீடியோக்களா வருது. பால் பைத்தான், இகுவானா எல்லாம் பழசாயிடுச்சு போல. இப்போ கரீபியன் தீவுகள்ல மட்டுமே இருக்கிற அரிய போவா பாம்புகள். வெளிநாட்டு வளர்ப்பாளர் ஒருத்தர் அலமாரி முழுக்க பிளாஸ்டிக் டப்பா அடுக்கி வச்சிருக்கார். ஒரு டப்பாவை வெளியே இழுத்து, "உலகத்துலயே கொஞ்சம்தான் மிச்சம், அதுல ஒண்ணு என்கிட்ட இருக்கு"ன்னு காட்டுறார். கீழே கமெண்ட்ல நம்ம பசங்க: "விலை என்ன ப்ரோ?"

கேட்ட பசங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அந்த வளர்ப்பாளர் சொன்ன வாக்கியத்து மேலதான் கோபம். ஒரு உயிரினம் கொஞ்சம்தான் மிச்சம் இருக்குங்கறது கெட்ட செய்தி. அதை விளம்பர வாசகமா மாத்தி வச்சிருக்காங்க.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். "பாம்பு ஆபத்து, அதனால வளர்க்காதே"ன்னு நான் சொல்ல வரல. போவாவுக்கு விஷம் கிடையாது. அரசு மருத்துவமனையில நைட் டூட்டி பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் எந்தப் பாம்புக்குப் பயப்படணும்னு சொல்லுவாங்க: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம்ம பிரிட்ஜ்ல இருக்கிற விஷமுறிவு மருந்து இந்த நாலுக்கும்தான். வயல்ல, வீட்டு வாசல்ல, தரையில படுத்துத் தூங்கும்போது கடிபட்டு வர்றவங்கதான் எங்க நோயாளிகள். விமான நிலையத்துல விஷமில்லாத பாம்பு பிடிபட்டாலும் "கொடிய பாம்பு கடத்தல்"னு தலைப்பு போடுற சேனல்களுக்கு ஒரு கும்பிடு. இந்தக் கதையில ஆபத்து மனுஷனால பாம்புக்கு.

போவான்னா என்ன? பார்க்க மலைப்பாம்பு மாதிரி இருக்கும், இரையைச் சுத்தி நெரிச்சுத்தான் கொல்லும். ஆனா மலைப்பாம்பு முட்டையிடும், போவாக்கள் பெரும்பாலும் குட்டி போடும். நம்ம ஊர் மண்ணுளிப் பாம்பு தெரியும்ல, இரட்டைத்தலைப் பாம்புன்னு சொல்லி ஏமாத்தி விப்பாங்களே, அது இதுக்குத் தூரத்துச் சொந்தம்.

கரீபியன் போவாக்கள்ல பெரும்பாலானவை கைலபோத்ரஸ்ங்கற பேரினம். இதோட அழகே தீவுக்குத் தீவு வேற வேற இனமா பிரிஞ்சதுதான். கியூபாவுக்கு ஒண்ணு, ஜமைக்காவுக்கு ஒண்ணு, போர்ட்டோ ரீக்கோவுக்கு ஒண்ணு. பக்கத்துல இருக்கிற குட்டி மோனா தீவுக்குத் தனியா ஒண்ணு. கியூபா போவா ஆளை விட ரெண்டு மடங்கு நீளம் வரைக்கும் வளரும். 2021-ல டொமினிக்கன் குடியரசுல ஒரு புது இனத்துக்குப் பேர் வச்சாங்க, கொடி மாதிரி ஒல்லியா இருக்கும். உலகத்தோட மிகச் சிறிய போவாக்கள்ல அதுவும் ஒண்ணு.

கியூபாவுல ஒரு குகை வாசல்ல இந்தப் போவாக்கள் வேட்டையாடுற விதத்தை 2017-ல ஒரு ஆய்வுக் கட்டுரை பதிவு பண்ணுச்சு. சாயங்காலம் வௌவால்கள் வெளியே பறக்கிற நேரம். பாம்புகள் மேற்கூரையில இருந்து தலைகீழா தொங்குது. தனித்தனியா இல்லாம, பக்கத்துல பக்கத்துல இடம் பிடிச்சு வழியையே ஒரு திரை மாதிரி அடைக்குது. அப்படி சேர்ந்து தொங்கும்போது வௌவால் கிடைக்கிற வாய்ப்பு கூடுது. பாம்புக்குக் கூட்டு வேட்டை தெரியும்னு பல பேர் நம்பவே இல்லை அதுவரைக்கும்.

இதே பாம்பை டப்பாவுல போட்டு, ஐஸ்ல இருந்து எடுத்து உருக வச்ச எலியை இடுக்கியில நீட்டினா சாப்பிடும். உயிரோடவும் இருக்கும். ஐசியூல வென்டிலேட்டர்ல இருக்கிறவரும் உயிரோடதான் இருக்கார்.

சின்ன இனங்களோட குட்டிகளுக்கு அதுவும் கிடையாது. பிறந்த குட்டி ஒரு பென்சில் கனம்கூட இருக்காது, இயற்கையில அது சின்னப் பல்லிகளைத்தான் சாப்பிடும். எலிக்குட்டியைக் காட்டினா பல குட்டிகள் திரும்பிக்கூட பார்க்காது. அதனால எலிக்குட்டி மேல பல்லியைத் தேய்ச்சு வாசனை காட்டி ஏமாத்துறாங்க. அதுக்கும் மசியலைன்னா வாயைத் திறந்து திணிக்கணும். இதை வீடியோவுல காட்ட மாட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். பஹாமாஸ்ல கன்செப்ஷன்னு ஆளில்லாத ஒரு சின்னத் தீவு. 2015-ல ஒரு ஆராய்ச்சிக் குழு போனப்போ, மரத்துல வெள்ளி நிறத்துல ஒரு போவா. இதுவரை அறிவியலுக்குத் தெரியாத இனம். ராத்திரி கடற்கரையில படுத்திருந்த குழுத்தலைவர் மேலயே இன்னொண்ணு ஏறிப் போச்சாம். 2016-ல பேர் வச்சாங்க, வெள்ளிப் போவா. மொத்தமே ஆயிரத்துக்கும் கீழதான் இருக்கும்னு கணிப்பு. ஏற்கெனவே அந்தத் தீவுல காட்டுப் பூனைகள் புகுந்து இதைத் தின்னுட்டு இருக்கு. பேர் வச்ச அன்னிக்கே மிக மோசமான அழிவு நிலைன்னு சொல்ல வேண்டிய நிலைமை.

நம்ம ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுவாங்க. ஒரு முழு இனமே அவ்வளவுதான்.

இப்படி ஒரு இனத்துக்குப் பேர் வச்சதும் என்ன ஆகும்? ரெண்டு உதாரணம். இந்தோனேசியாவோட ரோட்டி தீவுல ஒரு நீளக் கழுத்து ஆமை, 1994-ல அறிவியல் பேர் வச்சாங்க. சீனாவுல ஒரு குகைப் பல்லி, 1999-ல வச்சாங்க. ரெண்டுக்கும் சேகரிப்பாளர் சந்தையில எகிறின விலையைப் பார்த்து ஆளுங்க கிளம்பிப் போய் அள்ளிட்டாங்க. சில வருஷத்துல கண்டுபிடிச்ச இடத்துலயே தேடினாலும் கிடைக்காத நிலை. ஆராய்ச்சிக் கட்டுரையில போட்ட இடத்தோட பேர்தான் கடத்துறவனுக்கு வழிகாட்டி.

"அதெல்லாம் ஆசியா, கரீபியன்ல அப்படி இல்லை"ம்பீங்க. 2014 பிப்ரவரி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். ரெண்டு பேரோட சூட்கேஸ்ல காலுறைகள். ஒவ்வொரு காலுறைக்குள்ளயும் ஒரு இகுவானா. மொத்தம் 13. பஹாமாஸோட சான் சால்வடார் தீவுல மட்டும் இருக்கிற, நூற்றுக்கணக்குலதான் மிச்சம் இருக்கிற இனம். ஒண்ணு செத்துப் போச்சு, 12-ஐத் திருப்பி அனுப்பினாங்க. அதே பஹாமாஸ்தான் வெள்ளிப் போவாவோட வீடும். சாதுவா இருக்கிற ஒரு மீட்டர் பாம்புக்குக் காலுறை போதும்.

இப்போ அவங்க பக்கத்து வாதம். கொஞ்சம் வலுவானதுதான், அதனால நேரா எடுத்துக்கறேன்.

"நாங்க வளர்த்துக் குட்டி போட வைக்கிறோம். காட்டுல அழிஞ்சாலும் எங்ககிட்ட இருக்கும். நாங்கதான் உண்மையான பாதுகாவலர்கள்."

சாதாரண போவா, பால் பைத்தான் விஷயத்துல வளர்ப்புக் குட்டிகள் வந்ததால காட்டுல பிடிக்கிறது ஓரளவு குறையும்ங்கற வாதத்துல கொஞ்சம் நியாயம் உண்டு. அரிய தீவு இனத்துல அது செல்லாது. காரணம், அந்தச் சந்தையில அரிதா இருக்கிறதுதான் சரக்கு. எல்லார்கிட்டயும் இருந்தா யாருக்கும் வேண்டாம். அடுத்த அரிய இனத்தைத் தேடிப் போவாங்க. "புது ரத்தம்" வேணும்னு காட்டுல இருந்து இன்னொண்ணு கேட்பாங்க. காட்டுல பிடிச்சதையும் "வளர்ப்புல பிறந்தது"ன்னு ஒரு காகிதம் போட்டா, வாங்குறவருக்கு வித்தியாசம் தெரியப் போறதில்லை.

உண்மையான பாதுகாப்புன்னா எப்படி இருக்கும்? அதுக்கும் கரீபியன்லயே உதாரணம் இருக்கு. வர்ஜின் தீவுகளோட மரப் போவா. அமெரிக்காவுல டொலீடோ மிருகக்காட்சி சாலை இதை 1980-கள்ல இருந்து வளர்க்குது. போர்ட்டோ ரீக்கோவுக்குக் கிழக்கே கயோ ரட்டோனெஸ்னு ஒரு குட்டித் தீவைத் தேர்ந்தெடுத்தாங்க. ஸ்பானிஷ்ல அந்தப் பேருக்கு எலித் தீவுன்னே அர்த்தம் வரும். முதல்ல எலிகளை முழுசா ஒழிச்சாங்க, 1985-ல. பாம்புக்கு இரையான பல்லிகள் பெருகுதான்னு பார்த்தாங்க. 1993-லதான் வளர்ப்புல பிறந்த பாம்புகளை விட ஆரம்பிச்சாங்க. விட்டது சில டஜன்தான். பத்து வருஷம் கழிச்சு அந்தத் தீவுல பாம்பு நூற்றுக்கணக்குல.

இதுல பாம்பு வளர்க்கிறது எவ்வளவு சின்ன வேலைன்னு கவனிங்க. பெரிய வேலை தீவைச் சரி பண்ணினது. எந்தப் பாம்புக்கு எது தாய், எது தகப்பன்னு பதிவேடு இருக்கும். ஒரு குட்டியைக்கூட விலைக்கு விக்கிறது இலக்கு கிடையாது. அலமாரி ஆசாமி எந்தத் தீவுல எலி ஒழிச்சார்?

அந்தத் தீவுகள் எப்படிக் கெட்டதுங்கறதுல நமக்கும் ஒரு பங்கு இருக்கு. நம்ம விருப்பத்துல நடந்ததில்லை, இருந்தாலும். 1872-ல ஜமைக்காவுல ஒரு கரும்புத் தோட்ட முதலாளி, எலியைப் பிடிக்கக் கல்கத்தாவுல இருந்து 9 கீரிப்பிள்ளைகளை வரவழைச்சார். அதுங்க பெருகி, அங்கிருந்து மத்த தீவுகளுக்கும் கொண்டு போகப்பட்டு, எலியோட நிக்காம பறவை, பல்லி, பாம்புன்னு எல்லாத்தையும் தின்னுச்சு. "நல்லதுக்குத்தான் பண்றோம்"னு ஒரு விலங்கைக் கடல் தாண்டி நகர்த்தினதோட விலையை ஜமைக்கா போவா இன்னிக்கும் கட்டிட்டு இருக்கு.

திருப்பிப் போட்டும் நடந்திருக்கு. தென்னமெரிக்காவுல இருந்து செல்லப் பிராணியா வந்த சாதாரண போவா, அரூபா தீவுல 1999-ல இருந்து காட்டுல பெருகி அந்த ஊர்ப் பறவைகளையும் பல்லிகளையும் தின்னுது. போர்ட்டோ ரீக்கோவோட மேற்குப் பகுதியிலயும் அதே கதை. தனக்குன்னு ஒரு அரிய போவா இருக்கிற தீவு அது. 1970-லயே அமெரிக்க அரசு அழிவின் விளிம்புப் பட்டியல்ல போட்ட இனம். இப்போ அதோட வீட்டுல வேத்து போவா.

இனி என் துறை.

போவாக்களுக்கு உள்ளடக்க உடல் நோய்னு ஒண்ணு வரும். செல்லுக்குள்ள கட்டி கட்டியா புரதம் சேர்றதால அந்தப் பேர். காரணம் ஒரு வகை அரீனா வைரஸ்னு 2012-லதான் தெரிஞ்சுது. வாந்தி, தலையை நிமிர்த்த முடியாம சுத்துறது, கடைசியில சாவு. மருந்து இல்லை. கொடுமை என்னன்னா, சில போவாக்கள் எந்த அறிகுறியும் இல்லாம வருஷக்கணக்கா வைரஸைச் சுமக்கும். பல நாட்டுப் பாம்புகளை ஒரே அறையில அடுக்கி, ஒரே இடுக்கியில தீனி கொடுக்கிற இடத்துல இருந்து ஒரு பாம்பை எடுத்து, "காப்பாத்தியாச்சு"ன்னு ஆயிரம் பாம்பு இருக்கிற தீவுல விட்டா? நோய்த்தொற்று தெரிஞ்ச யாரும் அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டாங்க. அதனாலதான் சொல்றேன், பெரும்பாலும் அலமாரிக்குள்ள போன பாம்பு அந்தத் தீவைப் பொறுத்தவரை செத்த பாம்பு.

மனுஷங்களுக்கு? சால்மொனெல்லா. ஆரோக்கியமா இருக்கிற பாம்போட மலத்துலயும் இந்தக் கிருமி இருக்கலாம். பெரியவங்களுக்குப் பெரும்பாலும் சில நாள் வயித்துப்போக்கோட போயிடும். கைக்குழந்தைக்கு ரத்தத்துலயும் மூளைக்காய்ச்சலாவும் பரவலாம். குழந்தை பாம்பைத் தொடணும்னே இல்லை, பாம்பைத் தொட்ட கை குழந்தையைத் தூக்கினா போதும். 5 வயசுக்குக் கீழ உள்ளவங்க, 65 தாண்டினவங்க, கீமோ எடுக்கிறவங்க இருக்கிற வீட்டுல ஊர்வன வேண்டாம்னுதான் அறிவுரை. நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல்: காகிதம் இல்லாத பாம்பு வச்சிருக்கிற வீட்டுக்காரர், டாக்டர் கேட்டாலும் வீட்டுல பாம்பு இருக்குன்னு சொல்ல மாட்டார். நாங்க தண்ணியையும் சாப்பாட்டையும் சந்தேகப்பட்டுட்டு இருப்போம்.

சட்டம் பத்தி ரெண்டு வரி. 2020-ல மத்திய அரசு, வெளிநாட்டு விலங்கு வச்சிருக்கிறவங்க 6 மாசத்துக்குள்ள தானா தெரிவிச்சா எங்கிருந்து வந்ததுன்னு ஆவணம் கேட்க மாட்டோம்னு சொல்லுச்சு. அந்தச் சலுகையில எத்தனை காலுறைகள் வெள்ளையாச்சோ. அப்புறம் 2022-ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல்ல இருந்து சைட்டஸ் பட்டியல் விலங்குகளைத் தனி அட்டவணையில கொண்டு வந்தாங்க. போவாக்கள் முழுக்க அந்தப் பட்டியல்ல வரும். ஜமைக்கா, போர்ட்டோ ரீக்கோ, மோனா போவாக்கள் மிகக் கடுமையான முதல் இணைப்புல. 2024 விதிகள்படி பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். குட்டி போட்டாலும் செத்தாலும் கை மாறினாலும் தெரிவிக்கணும்.

விமான நிலையத்துல பிடிபடுறதை என்ன பண்றாங்க? பல நேரம் வந்த விமானத்தோட ஊருக்கே திருப்பி அனுப்புறாங்க. பாங்காக்ல இருந்து வந்தா பாங்காக்குக்கு. ஆப்பிரிக்கப் பாம்புக்குப் பாங்காக் எப்படிச் சொந்த ஊர் ஆகும்? நாளைக்கு ஒரு கரீபியன் போவா பிடிபட்டாலும் அதே விமானம்தான்.

எதிர்பார்க்கிற கேள்விக்கும் இப்பவே பதில்: "டாக்டர், வளர்ப்புல பிறந்ததுன்னு பேப்பர் இருந்தா வாங்கலாமா?"

விக்கிறவர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. இதோட தாயும் தகப்பனும் எந்தத் தீவு, எந்த வருஷம், யாரோட அனுமதியில வெளியே வந்துச்சு? அரீனா வைரஸ் பரிசோதனை எப்போ பண்ணினது, முடிவு எங்கே? வித்த காசுல எவ்வளவு அந்தத் தீவுக்குப் போச்சு? பதில் வந்தா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க, டேக் பண்றேன்.

ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கிறவங்க பயந்துட்டுப் போய் ஏரிக்கரையிலயோ காட்டுலயோ விட்டுடாதீங்க, தயவுசெஞ்சு. பதிவு பண்ணுங்க, முடியலைன்னா வனத்துறைக்குப் போன் பண்ணுங்க. பாம்பைத் தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. வீட்டுல குழந்தைக்குக் காய்ச்சல், வயித்துப்போக்குன்னு ஆஸ்பத்திரிக்கு வந்தா, பாம்பு இருக்குன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. நாங்க போலீஸுக்குப் போன் பண்ண மாட்டோம், சரியான டெஸ்ட் எழுதுவோம்.