வாசலில் பம்பை, மேடையில் ‘ஜிப்சி’

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த இசைக்குழு பிரமாதமாக வாசித்தது. சின்னப் பசங்க. மூத்தவருக்கே முப்பது தாண்டியிருக்காது. ஒரு வயலின், இரண்டு கிட்டார், ஒரு டபுள் பேஸ், ஒரு பாடகி. டிரம்ஸ் கிடையாது. நடவுப் பாட்டு மெட்டொன்றை எடுத்து ஜாங்கோ ரைன்ஹார்ட் பாணி கிட்டார் தாளத்தின் மேல் ஓடவிட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே இது இசை விமர்சனம் இல்லை. அந்த மாலையில் நாங்கள் எதற்குக் கைதட்டினோம், எதைப் பார்க்காமல் இருந்தோம் என்பதைப் பற்றிய புகார். முதல் பிரதிவாதி நான்தான்.

இடம், சானமாவு பக்கம் காட்டை ஒட்டிய ஒரு பண்ணை விடுதி. டிசம்பர் மாதச் சனிக்கிழமை. டிக்கெட் ஆயிரத்து ஐநூறு ரூபாய், சாப்பாடு தனி. வந்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போல எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூரில் வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள். மீதிப்பேர் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வந்தவர்கள். அழைப்பு அட்டையில் ‘ஃபோக் அண்ட் ஜிப்சி ஜாஸ், லைவ்’ என்று இருந்தது. கீழே ஐந்து பேரின் பெயரும் படமும்.

நுழைவாயிலில் நாலு பேர் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெயர் அட்டையில் இல்லை. விடுதிக்காரர்கள் ஒரே மாதிரி தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்கள். மைக் இல்லை, நாற்காலி இல்லை. விருந்தினர்களின் கார் வரும்போதெல்லாம் அடிக்க வேண்டும். கார் போனதும் நிறுத்த வேண்டும். நான் இருபது நொடி வீடியோ எடுத்து, ‘வேர்கள்’ என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

நிகழ்ச்சி தொடங்கும்போது தொகுப்பாளர் சொன்னார்: “இவங்க இசைக்கு எல்லை கிடையாது. இந்தக் காட்டு யானைங்க மாதிரி, உலகம் சுத்துற ஜிப்சிங்க மாதிரி, சுதந்திரமானவங்க!” நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் இந்தக் கட்டுரைக்குச் சண்டை.

யானையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் பக்கத்தில் இருக்கிறது. ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கி சானமாவு காட்டுக்கு வரும். வனத்துறை சுற்றியுள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை சொல்லும். ராத்திரி நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தி அவற்றைக் கடக்கவிடுவார்கள். பட்டாசு வெடித்து ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குத் துரத்துவார்கள். மிதிபட்டுச் செத்த விவசாயிகள் உண்டு. மின்வேலியில் செத்த யானைகள் உண்டு. ராகிக் கொல்லை வைத்திருப்பவரிடம் போய் ‘யானை சுதந்திரமானது’ என்று சொல்லிப் பாருங்கள். யானைக்கும் அந்த விஷயம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பசிக்காகவும் துரத்தலுக்காகவும் நடக்கிற நடையை, இரண்டும் இல்லாத நாம் தூரத்திலிருந்து பார்த்து ‘சுதந்திரம்’ என்று பெயர் வைக்கிறோம்.

‘ஜிப்சி’ விஷயத்திலும் இதேதான் நடந்தது, பல நூறு வருடங்களாக.

அந்தச் சொல்லே ஒரு தப்பான முகவரி. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர்கள் நினைத்துக்கொண்டதால் வந்த பெயர். அம்மக்களில் பெரும்பாலோர் தங்களை ரோமா என்கிறார்கள். ஜாங்கோவின் மக்கள் மனூஷ். அவர்கள் கிளம்பியது இந்தியாவிலிருந்து என்பதை மொழியியலாளர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காட்டத் தொடங்கிவிட்டார்கள். ரோமானி மொழியில் தண்ணீருக்குப் பெயர் ‘பானி’. மூக்கு ‘நாக்’, காது ‘கான்’. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உருது பேசுகிற பழக்கடைக்காரருக்கு இந்த மூன்று சொல்லுக்கும் அகராதி வேண்டாம். 1971இல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமானி மாநாடு, நீலமும் பச்சையுமான தங்கள் கொடியின் நடுவில் ஒரு சக்கரத்தை ஏற்றுக்கொண்டது.

அவர்கள் ஏன் நிற்காமல் அலைந்தார்கள்? காற்று கூப்பிட்டதாலா? பல இடங்களில் ஊருக்குள் தங்கவிடவில்லை. தங்க வைத்த இடத்தில், இன்றைய ருமேனியாவின் பகுதிகளில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அடிமைகளாக வைத்திருந்தார்கள். நாஜிகளும் அவர்களின் கூட்டாளிகளும் கொன்ற ரோமா, சிந்தி மக்களின் எண்ணிக்கை குறைந்தது இரண்டரை லட்சம், ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் கொலைகள் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், ஜெர்மன் பிடியிலிருந்த பாரிஸில், ஜாங்கோ மேடையேறிக்கொண்டிருந்தார். 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிக்கப் பார்த்தார், முடியவில்லை. ‘எல்லைகளற்ற’ ஜிப்சி இசையின் தலைமகன், எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்.

சரி, அவர் கை? 1910இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். 1928இல் அவர் குடியிருந்த வண்டிவீடு தீப்பிடித்தது. மனைவி விற்பதற்காகச் செய்துவைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் பற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். இடது கையில் இரண்டு விரல்கள் முடங்கிவிட்டன. மீதி இரண்டு விரல்களை வைத்து கிட்டாரை மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொண்டார். 1934இல் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு ஆரம்பித்த குழுவில் டிரம்ஸ் இல்லை. அந்த வேலையைப் பக்கவாத்திய கிட்டார்கள் செய்தன. கம்பியை மீட்டியதும் இடது கையைத் தளர்த்தி ஒலியை வெட்டுவது, ஒன்று விட்டு ஒரு அடியை அழுத்துவது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘லா போம்ப்’ என்பார்கள். கேட்க எளிது. இரண்டு மணி நேரம் அதே வேகத்தில் வாசித்துப் பாருங்கள், மணிக்கட்டு கழன்றுவிடும். இதில் எங்கே கட்டற்ற காட்டுத்தனம் இருக்கிறது? இது உழைப்பு. கணக்கு. எங்கள் தொழிலில் சொல்வதென்றால், இரண்டு விரல் வன்பொருளுக்காக முழு மென்பொருளையும் திருப்பி எழுதிய கதை.

இதையெல்லாம் ஐரோப்பியப் பாவம் என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர் ஊராக உப்பும் தானியமும் கொண்டுபோய் விற்ற குறவர்கள், பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆனார்கள். காவல் நிலையத்தில் போய் ஆஜர் கொடுக்க வேண்டும். 1952இல் சட்டம் போனது, சந்தேகம் போகவில்லை. நரிக்குறவர்கள் வேறு மக்கள், அவர்கள் பேசும் வாக்ரிபோலி வேறு மொழிக் குடும்பம். ஆனால் நம் சினிமாவுக்கும் மேடைக்கும் எல்லாம் ஒன்றுதான்: பாசிமணி, கலர் துணி, ஓர் ஆட்டம். 1968இல் ‘ஒளி விளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த வேஷத்தில் ஆடினார்கள், தமிழ்நாடே ரசித்தது. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது 2022 டிசம்பரில். வேஷத்துக்கும் சான்றிதழுக்கும் நடுவே ஐம்பத்து நாலு வருடம். ‘குறவன் குறத்தி’ ஆட்டம் எங்களை ஆபாசமாகக் காட்டுகிறது என்று குறவர் மக்கள் போராடி, 2023இல்தான் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தொகுப்பாளரின் வாக்கியத்தை மறுபடி படியுங்கள். நாம் கைதட்டியது ஓர் இசைக்கு என்றால் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் விற்றது வேறு சரக்கு. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங் இருக்கிறவனுக்கு, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் வீடு வாசல் இல்லாதவனாக நடிக்க ஒரு வாய்ப்பு. நடித்து முடித்ததும் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போக முடிகிறவர்களுக்கு மட்டும் அலைச்சல் இனிக்கும்.

இப்போது ‘ஃபோக்’ என்ற முதல் சொல்லுக்கு வருகிறேன். இடைவேளையில் வண்டி நிறுத்துமிடத்தில் பம்பைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உள்ளே நாற்காலி இல்லை. மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று முழுப் பாதியையும் கேட்டிருக்கிறார்கள். மூத்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“எப்படிண்ணா இருக்கு?”

“நல்லா வாசிக்கிறாங்க சார். அந்த நீலச் சட்டைத் தம்பி இருக்காரே, கிட்டார்ல பாட்டு வாசிக்கல. தாளம் போடறாரு. ஒண்ணு விட்டு ஒண்ணு அமுக்கிப் பிடிக்கிறாரு, கவனிச்சீங்களா?”

கவனித்திருந்தேன். ஆனால் நான் யூடியூபில் பல மணி நேரம் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவர் தட்டிக்குப் பின்னால் நின்று முக்கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டார். அந்த இடத்தில் அன்று வந்திருந்தவர்களிலேயே சிறந்த ரசிகர் அவர். டிக்கெட் கொடுக்காதது விடுதியின் நஷ்டம்.

“உங்களையும் மேடைக்குக் கூப்பிட்டா வாசிப்பீங்களா?”

“கூப்பிட்டா போவோம். ஆனா முன்னாடியே சொல்லணும் சார். அவங்க சுருதி என்னன்னு பாத்து, கயித்த இழுத்துக் கட்டணும்ல. ரெண்டு நாள் கூட உக்காந்து பழகணும்.”

பாருங்கள், அவர் பேசுவது ஒத்திகையைப் பற்றி. ‘மண்ணிலிருந்து தானாகப் பொங்கும் கலை’ என்று நாம் எழுதுகிறோமே, அந்தக் கலைக்காரர் சுருதி சேர்ப்பதையும் நேரம் கேட்பதையும் பற்றிப் பேசுகிறார். எங்கள் பக்கத்து மாரியம்மன் பண்டிகையில் பார்த்திருக்கிறேன். ஒருவருக்குச் சாமி வரும்போது பம்பைக்காரர் அவர் உடம்பையே பார்த்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுவார், தாங்க மாட்டார் என்று தெரிந்தால் இறக்குவார். ஜாஸ் மேடையில் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பதை என்னவெல்லாம் புகழ்கிறோம்! இங்கே அதையே செய்பவருக்கு, கார் வந்தால் அடி, போனால் நிறுத்து. நாலு பேருக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய், வண்டிச் செலவு அதிலேயே.

இந்த இடத்தில் ஒரு தரப்பு நண்பர்கள் சந்தோஷப்படுவார்கள். ‘அதான் சொன்னோமே, இதெல்லாம் திருட்டு. மனூஷ் இசையை மனூஷ் வாசிக்கட்டும், நடவுப் பாட்டை நட்டவர்கள் பாடட்டும்.’ எனக்கு அதிலும் உடன்பாடு கிடையாது. ஜாங்கோ எங்கிருந்து எடுத்தார்? லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டைக் கேட்டு உருகியவர் அவர். அமெரிக்கக் கறுப்பர்களின் இசையை, பிரெஞ்சு நடன அரங்கப் பழக்கத்தோடும் தன் மக்களின் கைப்பழக்கத்தோடும் சேர்த்தார். நம் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் கிளாரினெட் வந்தது எங்கிருந்து? தெருக்கூத்தில் ஆர்மோனியம்? கடன் வாங்காத இசை செத்த இசை. அந்தப் பசங்க தாராளமாக வாசிக்கட்டும். தட்டிக்குப் பின்னால் நின்ற அண்ணனுக்கே அதில் புகார் இல்லையே.

கடனுக்குக் கணக்கு வேண்டும் என்பது மட்டும்தான் என் வாதம். நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில், பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் டென்மாவும் கானா பாடகர்களைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தவில்லை. பறையும் கிட்டாரும் ஒரே மேடை, ஒரே ஒலிவாங்கி வரிசை. கானா அங்கே மணத்துக்குத் தூவிய கொத்தமல்லி கிடையாது, பாட்டே அதுதான். 2020 டிசம்பரில் ஆரம்பித்த ‘மார்கழியில் மக்களிசை’ அதை இன்னும் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோனது. அந்தப் பாட்டுகள் பிடிக்குமா பிடிக்காதா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் யார் வாசிக்கிறார்கள் என்பதை யாரும் உங்களிடமிருந்து மறைக்கவில்லை.

ஆகவே சில்லறையாகச் சில கோரிக்கைகள். விடுதிக்காரர்களுக்கு: வாசலில் வாசிப்பவர் பெயரையும் அட்டையில் போடுங்கள். சம்பளத்தை மேடைக் குழுவின் கணக்கிலேயே பேசுங்கள். தலைப்பாகையைக் கழற்றுங்கள். இசைக்குழுவுக்கு: ‘ஜிப்சி’க்குப் பதில் ‘மனூஷ்’ என்று போடுங்கள், பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், இசை ஒரு சுரம்கூடக் குறையாது. அந்த நடவுப் பாட்டை எந்த ஊரில் யாரிடம் கேட்டீர்கள் என்று வாசிப்பதற்கு முன் ஒரு வரி சொல்லுங்கள். பம்பைக்காரர் கேட்ட அந்த இரண்டு நாளை அவருக்குக் கொடுங்கள். என் சந்தேகம், அன்று வாசித்ததைவிட நன்றாக வாசிப்பீர்கள். நம்மைப் போன்ற டிக்கெட்காரர்களுக்கு: இதையெல்லாம் கேட்க நமக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய் உரிமை இருக்கிறது. பீர் சூடாக இருந்தால் மேனேஜரைக் கூப்பிடுகிறோம் அல்லவா?

கடைசியாக ஒன்று. இவ்வளவு பேசிய இந்தக் கட்டுரையில் ஜாங்கோவுக்குப் பெயர் இருக்கிறது, கிராப்பெல்லிக்கு இருக்கிறது, அந்த அண்ணனுக்கு இல்லை. அவர் தனியுரிமைக்காக மறைத்தேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். உண்மை அது இல்லை. கால் மணி நேரம் நின்று பேசினேன், அவர் கையால் டீ வாங்கிக் குடித்தேன், தாளத்தைப் பற்றிக் கேட்டேன், சம்பளத்தைப் பற்றிக்கூடக் கேட்டேன்.

பெயரைக் கேட்கவில்லை.