அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

தஞ்சாவூரில் இருக்கும் என் அத்தைக்கு எண்பது வயது நிறைந்தது. “புலனத்தில் வாழ்த்து அனுப்பினால் போதாதாப்பா?” என்றாள் மகள். எனக்கு மனம் வரவில்லை. புக்கிட் தெங்காவிலிருந்து பட்டர்வொர்த் போய், ஃபெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் பழைய பாணி அஞ்சலட்டை வாங்கி வந்தோம். பழுப்பு நிறத்தில் விக்டோரியா மகாராணி மணிக்கூண்டுப் படம்.

இரவு மைப்பேனாவை எடுத்து எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் வரிக்கு வருவதற்குள் கை பட்டு, ‘அன்புள்ள அத்தைக்கு’ ஒரே நீலக் கறையானது.

பேனாவில் பிழையில்லை. அட்டையின் பின்பக்கமும் வழவழப்பான பூச்சு பூசியிருந்தது. மைப்பேனாவின் மை தண்ணீர் போன்றது. காகிதம் சிறிது உறிஞ்சினால்தான் காயும். பூச்சின்மேல் அது அப்படியே நிற்கும். அதற்காகச் சொரசொரப்பான மட்ட அட்டையும் உதவாது. மை வேர்விட்டுப் பரவி, ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும்.

அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அத்தை அவருக்கு எழுதிய அட்டைகள் இருந்தன. ஐம்பது வருடம் ஆகியும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவு. அவை பூச்சில்லாத வெறும் அட்டைகள். அக்காலத்து நீலக்கறுப்பு மை பலவற்றில் இரும்பு கலந்திருக்கும். காற்றுப் பட்டுக் கறுத்து, காகித இழையைப் பிடித்துக்கொள்ளும்.

அஞ்சலட்டை முதலில் வந்தது 1869இல், ஆஸ்திரியா-ஹங்கேரியில். இந்தியாவில் 1879இல் கால் அணாவுக்கு வந்தது. தொடக்கத்தில் படம் போட்ட அட்டைகளின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே. செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். 1902இல் பிரிட்டன் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, பாதியில் செய்தி எழுத அனுமதித்தது. நலம் விசாரிக்கக் கிடைத்த இடம் அந்தப் பாதிதான். இன்று பழைய பாணி என்று விற்கும் பல அட்டைகளில் முன்பக்கம்தான் பழசு. எழுதும் பக்கத்தை யாரும் நினைப்பதில்லை.

ஆகவே வாங்கும்போது படத்தைப் பார்த்ததும் அட்டையைத் திருப்புங்கள். சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் மின்னக் கூடாது. விரலுக்கு வழுக்காமல், மெல்லிய பிடிப்போடு இருக்க வேண்டும். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, அஞ்சல்தலை ஒட்டும் மூலையில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மெல்லிய முனைப் பேனா நல்லது. நம் ஊர் மழையை நினைத்து, நீரில் கரையாத மையாகப் பாருங்கள். அத்தகைய மை பேனாவுக்குள் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி தண்ணீரில் கழுவ வேண்டும்.

மறுவாரம் வேறு அட்டை வாங்கி எழுதினேன். கீழே இரண்டு வரி இடம் மிஞ்சியது. மகளிடம் நீட்டினேன். தமிழில் கையால் எழுதிப் பல வருடமாயிற்று என்று தயங்கினாள். பிறகு, ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அட்டையில் எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து அத்தை தொலைபேசியில் அழைத்தார். என் வாழ்த்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அந்தக் கடைசி ரெண்டு வரி பேத்தி கையெழுத்தாடா? அப்படியே உங்கப்பன் எழுத்து மாதிரியே இருக்கு.”

மகளின் கையெழுத்தை அதுவரை நான் உற்றுப் பார்த்ததே இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையெழுத்து யாருடையது போல இருக்கிறது? இந்த வாரம் ஓர் அட்டையைக் கொடுத்துப் பாருங்களேன்.