தபால்தலையும் போர் விமானமும்

கடற்கரையில் எங்களோடு நடக்க வரும் நண்பர் ஒருவர், கைபேசியின் முதுகில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுத் தாளைப் பெருமையாகக் காட்டினார். 600 ரூபாயாம். "மெட்டாமெட்டீரியல் சார்! ராடாருக்குச் சிக்காத போர் விமானத்துச் சரக்கு. கதிர்வீச்சை அப்படியே உறிஞ்சிடும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

அந்தச் சரக்கு உலகில் இருப்பது உண்மைதான். பழைய முறையில் ராடார் அலையை விழுங்க, உலோகத் தகட்டின் முன்னே அலைநீளத்தில் கால் பங்கு இடைவெளி விட்டு மின்தடைத் தாளை வைப்பார்கள். 10 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த இடைவெளி ஏழரை மில்லிமீட்டர். 2008-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நுண்ணிய உலோக வடிவங்களை வரிசையாகப் பதித்து, அதைவிட மெல்லிய தகட்டிலேயே 88 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிக் காட்டினார்கள். ஆனால் அது 11.5 கிகாஹெர்ட்ஸ் அருகே மட்டும். சற்று விலகினால் உறிஞ்சல் சரிந்துவிடும். தகடு மெலிய மெலிய, அது பிடிக்கும் அலைவரிசையின் அகலமும் குறுகும்.

கைபேசியோ பல அலைவரிசைகளில் பேசுவது. தபால்தலை தன்மேல் படுவதைத்தானே தடுக்கும்? அப்படியே தடுத்தாலும், கோபுரத்தை எட்டக் கைபேசி இன்னும் பலமாக அலை வீசும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறது.

நான் விஞ்ஞானி அல்ல, கோப்பு பார்த்த குமாஸ்தா. எந்த அலைவரிசை, எத்தனை சதவீதம், அளந்தது யார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத தாளுக்கு உங்கள் பென்ஷனிலிருந்து ஒரு பைசா கொடுக்காதீர்கள். பயமாக இருந்தால் ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியைத் தள்ளி வைத்துப் பேசுங்கள். அதற்குச் செலவே இல்லை.