ஆற்றில் தேங்குவதுதான் போரில் வரும்!

வைகையில் தண்ணீர் வந்தால் விவசாயிகளுக்குத்தான் லாபம் என்று மதுரையில் பலர் நினைக்கிறார்கள். கரையோரத் தெருக்காரர்களான எங்களைக் கேளுங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்காக அணையைத் திறந்து, நாலைந்து நாள் ஆற்றில் தண்ணீர் ஓடினாலே எங்கள் தெருக் கிணறுகளில் தண்ணீர் மேலே ஏறிவிடும்.

காரணம், ஆற்று மணலும் நம்ம வீட்டு அடிமண்ணும் பூமிக்குள் ஒட்டித்தான் கிடக்கின்றன. எந்தப் பக்கம் மட்டம் உயரமோ, அங்கிருந்து தாழ்ந்த பக்கம் தண்ணீர் கசியும். அந்தக் காலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நின்றது. ஆறு வற்றினாலும் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் குடத்தில் முகந்தார்கள் நம் பாட்டிமார்கள். இன்று வீட்டுக்கு வீடு போர் போட்டு உறிஞ்சியதில் மட்டம் இறங்கிவிட்டது. ஆறுதான் நம் பக்கம் கசிகிறது.

ஏ.வி. பாலம், ஓபுளா படித்துறை அருகே தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மழையில்லாத நாட்களில் அங்கே தேங்குவது சாக்கடையும் ஆகாயத்தாமரையும்தான். "எதுவோ தேங்கட்டும், போர்ல தண்ணி ஏறுமே!" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஏறும்தான், ஆனால் எந்தத் தண்ணீர்?

மணல் கலங்கலை வடிகட்டும், கிருமிகளையும் ஓரளவு நிறுத்தும். சாக்கடையிலிருந்து வரும் நைட்ரேட்டும் உப்பும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதிகமாகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. தாண்டிய தண்ணீரில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கலாம்.

தடுப்பணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஆற்றில் விழும் சாக்கடைகளைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பட்டும், அப்புறம் தண்ணீரைத் தேக்கட்டும்.

நம் பங்கும் உண்டு, தோழியரே. 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டி பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. அதைத் தூர் வாருங்கள். மழைநீர் இறங்கி நம் பக்கம் மட்டம் உயர்ந்தால், ஆற்றுக் கழிவு இந்தப் பக்கம் வருவது குறையும். போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் "குழாய்ல தண்ணி எப்ப வரும்?" என்று மட்டும் கேட்காமல், "எங்க தெருச் சாக்கடை எங்கே போய் விழுது?" என்றும் கேளுங்கள்!

- ஒரு வாசகி, மதுரை.