மலர் ஒட்டி மறைத்த கணக்கு

தோழரே! இரண்டு கணினிகளை உங்கள் முன் நிறுத்துகிறேன். ஒன்றின் மேனியில் தீக்கொழுந்து! மற்றொன்றின் மேனியில் இளஞ்சிவப்பு மலர்! மாட்டெல் எனும் பொம்மை நிறுவனத்தின் முத்திரை தாங்கி, பேட்ரியாட் எனும் கம்பெனி 1999-ல் அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பிய இரட்டைப் பிள்ளைகள் இவை. தீ, சிறுவனுக்கு, ஹாட் வீல்ஸ் என்று பெயர். மலர், சிறுமிக்கு, பார்பி என்று பெயர். விலை இரண்டுக்கும் ஒன்றே, 599 டாலர்.

"வண்ணந்தானே ஐயா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்பீர்கள். நாடகக்காரன் நான், ஆளுக்கொரு சாயம் பூசும் ஒப்பனையறையிலே வளர்ந்தவன். சாயத்தோடு நின்றிருந்தால் வாய்மூடிக் கிடந்திருப்பேன். உள்ளே பாருங்கள்! சிறுவனின் பெட்டியிலே மனித உடலின் அமைப்பை விளக்கும் மென்பொருள் இருந்தது. அறிவைத் தீட்டும் சிந்தனை விளையாட்டு இருந்தது. சிறுமியின் பெட்டியிலே அவை இல்லை! பொம்மைக்கு ஆடை புனையும் அலங்காரம் இருந்தது.

ஏன் என்று கேட்டதற்கு, பார்பியின் மென்பொருள்களை நிரப்பியபின் இடம் போதவில்லை என்றார்கள். இடம் போதவில்லையாம்! ஆடைக்கு இடம் உண்டு, அந்த ஆடைக்குள் இருக்கும் உடலை அறிய இடமில்லை! சிறுமிக்கு எலும்பில்லையா? இதயமில்லையா? சிந்தையில்லையா? அதே மாட்டெல் 1992-ல் விற்ற பேசும் பார்பி, 'கணக்கு வகுப்பு கடினம்' என்று பேசிற்று. கண்டனம் எழுந்தது; அந்தப் பேச்சை நீக்கினார்கள். பொம்மை வாயடைத்தது; கணினி அதே பாடத்தை வாய் திறவாமல் நடத்திற்று.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். விட்டவன் நானே, எவரும் கதவைச் சாத்தவில்லை. இந்தச் சிறுமிக்கோ, கதவு இருந்த இடமே தெரியாதபடி மலர் ஒட்டி மறைத்தார்கள்!

வணிகரின் வஞ்சனை இது, கல்வி தருவோர் செய்யார் என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். ஹஃப், கூப்பர் எனும் உளவியலாளர் இருவர் 1987-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏழாம் வகுப்புக்கு மென்பொருள் திட்டம் வரையுமாறு ஆசிரியர்களைக் கேட்டனர். சிலரைச் சிறுவருக்கென்று, சிலரைச் சிறுமியருக்கென்று, சிலரைப் பொதுவாக மாணவருக்கென்று. சிறுவருக்கு வரைந்தது விளையாட்டாக வந்தது. சிறுமியருக்கு வரைந்தது பயிற்சிக் கருவியாக வந்தது. பொதுவாக வரைந்ததோ, சிறுவருக்கு வரைந்ததைப் போலவே வந்தது! உதடு 'மாணவர்' என்றது. உள்ளம் 'மாணவன்' என்றது. மாட்டெலின் மலராவது கண்ணுக்குத் தெரிந்தது, தோழரே! இது தெரியவேயில்லை. தீங்கு நினையாத ஆசிரியரின் கையிலிருந்தே பிறந்தது.

பேட்ரியாட் கம்பெனி 2000-ல் திவாலாயிற்று. அதைக் கண்டு நான் மகிழவில்லை. அது வீழ்ந்தது சிறுமியருக்கு இழைத்த குறைக்காக அன்று.

இன்று உங்கள் கைபேசியிலும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரும் செயலி ஒன்று இருக்கக்கூடும். இன்றிரவு அதைத் திறவுங்கள். விண்கலம் ஓட்டுவோர் எத்தனை ஆண், எத்தனை பெண். அடுக்களையில் நிற்போர் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எண்ணுங்கள். எண்ணும்போது மகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவளுக்குக் கணக்கு வரும்!